உப்புத்தண்ணீர் மருந்தாகலாம்

அந்த மருந்தின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நோயாளி இரண்டு முறை இருமிவிடுவார். அவ்வளவு நீளம். சளிக்காய்ச்சல் வைரஸை நுரையீரலுக்குள்ளேயே போய் மடக்கிவிடும் என்று சொல்லி ஒரு கம்பெனி அதை மார்பு நோய்ப் பிரிவுக்குக் கொண்டுவந்தது. மருந்தோடு ஒரு காபி மெஷினும் வந்தது. ஆராய்ச்சி என்றால் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் முதல் கோப்பையிலேயே ஒப்புக்கொண்டார்.

வேலை முழுவதும் சிஸ்டர் தலையில் விழுந்தது. அந்தப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கும் நர்ஸ் அவள். அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருப்பது சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கெல்லாம் சிஸ்டர்.

சோதனை முறையில் சிக்கல் எதுவும் இல்லை. இருநூறு நோயாளிகள். நூறு பேருக்கு அந்த மருந்து, நூறு பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். இரண்டும் ஒரே மாதிரி குப்பியில் இருக்கும். நெபுலைசரில் ஊற்றிப் பொத்தானை அமுக்கினால், மெல்லிய புகையாக முகமூடிக்குள் வரும். நோயாளி அதை இழுத்து மூச்சு விட வேண்டும். யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, சிஸ்டருக்கும் தெரியாது. கம்பெனிக்கு மட்டும் எல்லாம் முன்கூட்டியே தெரிந்ததுபோல, வெற்றி விழாவுக்கு மண்டபம் பார்த்து வைத்திருந்தார்கள்.

ஆறு மாதம் கழித்துக் கணக்கைத் திறந்தார்கள். மருந்து இழுத்தவர்கள் சராசரியாக ஏழரை நாளில் எழுந்து நடமாடினார்கள். உப்புத்தண்ணீர் இழுத்தவர்களும் ஏழரை நாளில் எழுந்து நடமாடினார்கள். கம்பெனிக்காரரின் முகத்தை அன்று பார்த்திருந்தால் அவரையே வார்டில் சேர்த்திருப்பீர்கள். மதியத்துக்குள் அட்டைப்பெட்டிகளைக் கட்டிவிட்டார்கள். காபி மெஷினையும் கழற்றிக்கொண்டு போனார்கள். அதில் பாதி காபித்தூள் மீதி இருந்தது என்று பெரிய டாக்டர் இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் சிஸ்டரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஒருமுறை பார்த்த நோயாளியைப் போனில் கூப்பிட்டு விசாரிக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. சோதனையில் சேர மாட்டோம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன முப்பத்தெட்டுப் பேரையும், யாரும் சொல்லாமலே, தினமும் கூப்பிட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். மருந்தும் இல்லை, புகையும் இல்லை, வீட்டில் படுத்துக் காய்ச்சல் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டவர்கள். அவர்கள் பத்து நாளைத் தாண்டியும் இருமிக்கொண்டிருந்தார்கள்.

நோட்டை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள்.

"சார், கம்பெனி மருந்து தோத்துடுச்சுன்னு சொல்றோம். உப்புத்தண்ணி ஜெயிச்சிருக்குமோன்னு ஒரு சந்தேகம்."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும்தான் கழற்றுவார்.

"உப்புத்தண்ணி மருந்து இல்லம்மா. மருந்து இல்லாததுக்குத்தான் நாம உப்புத்தண்ணின்னு பேர் வெச்சிருக்கோம்."

"அப்போ எதுவுமே இழுக்காதவங்க ஏன் சார் மூணு நாள் அதிகமா இருமினாங்க?"

"நீ போன் பண்ணிக்கிட்டே இருந்தா பேசிப் பேசி இருமல் வராதா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

சிஸ்டர் அங்கிருந்து நேராகப் பழைய கோப்புகள் இருக்கும் அறைக்குப் பக்கத்து அறைக்குப் போனாள். ஆஸ்பத்திரியின் புள்ளிவிவர ஆள் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தசமம் என்று பட்டப்பெயர். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், போன வாரத்துக்கு இது புள்ளி மூணு பரவாயில்லை என்று சொல்கிற மனிதர். நோட்டைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். கடைசிப் பக்கம் வந்ததும் மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"அழகான கையெழுத்து. வேற ஒண்ணுக்கும் உதவாது."

"ஏன்?"

"சேர மாட்டேன்னு போனவங்க வேற மாதிரி ஆளுங்க சிஸ்டர். வயசு அதிகமா இருக்கலாம், சிகரெட் பிடிக்கலாம், ஆஸ்பத்திரின்னாலே பயமா இருக்கலாம். அவங்க இருமலுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். உங்களுக்கு நிஜமாவே தெரியணும்னா ஒரே மாதிரி ஆளுங்களை எடுத்து, சீட்டுக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்கு உப்புப்புகை, பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்புன்னு பிரிக்கணும்."

"பிரிச்சிடலாம்."

"அதுக்கு நெறிமுறைக் குழு அனுமதி வேணும்," என்றார் தசமம். இரங்கல் செய்தி சொல்கிற குரல் அது.

நெறிமுறைக் குழு மாதம் ஒருமுறை கூடும். கூடினால் ஏதாவது ஒரு நெறியைக் கண்டுபிடிக்காமல் கலையாது. சிஸ்டரும் தசமமும் நீள மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். குழுவின் மூத்தவரான மருந்தியல் பேராசிரியர் மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது எப்படி வேலை செய்யும்னு நினைக்கிறீங்க?"

"சளி இளகி வெளியே வரலாம் சார். உப்புல இருக்கிற குளோரைடை வெச்சு நம்ம உடம்பு செல்லே கிருமிநாசினி மாதிரி ஒண்ணைத் தயார் பண்ணுதுன்னும் சிலர் சந்தேகப்படுறாங்க. உறுதியாத் தெரியாது," என்றாள் சிஸ்டர்.

"உறுதியாத் தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா இங்க வந்திருக்க மாட்டேன் சார்."

பேராசிரியர் பக்கத்தைத் திருப்பினார். "சரி. ஒப்பிடறதுக்கு டம்மி மருந்தே வைக்கலையே? அது பெரிய குறை. எல்லாரும் பண்ற மாதிரி டம்மியா உப்புத்தண்ணி வைங்க."

தசமம் தொண்டையைச் செருமினார்.

"சார், அப்போ உப்புத்தண்ணியை உப்புத்தண்ணியோட ஒப்பிடணும். முடிவை இப்பவே சொல்லிடலாம். டிரா."

பேராசிரியர் அரை நிமிடம் யோசித்தார். பிறகு, தான் கேட்டதைக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அடுத்து வக்கீல் உறுப்பினர் பிடித்துக்கொண்டார். "உப்பால யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா யார் மேல கேஸ் போடறது?" கடல் மேல் என்று சிஸ்டருக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆஸ்பத்திரி மேல் என்று அடக்கமாகச் சொன்னாள். வக்கீலுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

நாலு மாதம் கழித்து அனுமதி வந்தது. அதற்குள் ஒரு சளிக்காலம் வந்து, ஊரையே இரும வைத்து, போயும்விட்டது. சிஸ்டர் அடுத்த சளிக்காலத்துக்காகக் காத்திருந்தாள். வியாதிக்காகக் கல்யாணத் தேதிபோல நாள் எண்ணிக்கொண்டிருந்த ஒரே ஆள் அந்த ஆஸ்பத்திரியில் அவள்தான்.

எண்பது பேர் என்று முடிவாயிற்று. தசமம் எண்பது உறைகளைத் தயார் செய்து, ஒட்டி, எண் போட்டுக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சீட்டு. புகை அல்லது வழக்கம். புகை வந்தவர்களுக்கு ஒரு நெபுலைசரும் கண்ணீரைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கரிக்கும் உப்புத்தண்ணீர்க் குப்பிகளும் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவார்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை, பத்துப் பத்து நிமிடம். வழக்கம் வந்தவர்களுக்கு ஓய்வு, காய்ச்சல் மாத்திரை, நல்வாழ்த்து.

உறைகளைப் பூட்டி வைத்த அலமாரியின் சாவி இன்னொரு நர்ஸிடம் இருந்தது. அவளைக் கறார் என்று கூப்பிடுவார்கள். கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போனால் படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொல்லுவாள். இப்படிப்பட்ட வேலைக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது.

ஜனங்களுக்குத்தான் இது புரியவே இல்லை. புகைச் சீட்டு வந்த தையல்காரர் ஒருவர், "வெறும் உப்புதானே சிஸ்டர், வீட்டிலேயே தண்ணியில கலக்கிக்கிறேனே?" என்றார்.

"கூடவே கூடாது. இது கிருமி இல்லாம சீல் வெச்ச குப்பி. உங்க சமையல்கட்டுத் தண்ணி நுரையீரலுக்குள்ள போச்சுன்னா அடுத்த தடவை உங்களை வேற வார்டுலதான் பார்ப்பேன்."

வழக்கம் வந்தவர்களுக்கோ, ஏமாற்றப்பட்ட முகம். மருந்து இல்லாதது என்று போன வருடம் வரை கௌரவமில்லாமல் கிடந்த உப்புத்தண்ணீர், கிடைக்காது என்றதும் அமிர்தமாகிவிட்டது.

ஐம்பத்திரண்டு பேர் சேர்ந்தாகிவிட்டது. அப்போதுதான் சிஸ்டரின் கணவருக்குச் சளி பிடித்தது.

அவர் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்தப் பஸ் எந்த நடைமேடையில் நிற்கிறது என்று நாள் முழுவதும் மைக்கில் சொல்லும் வேலை. பத்தொன்பது வருடமாக அந்த ஊருக்கே தெரிந்த குரல். அன்று காலை நடைமேடை எண்ணைச் சொல்லும் இடத்தில் இருமல் வந்துவிட்டது. எண் போன இடம் தெரியவில்லை. நிலையம் முழுவதும் இருபது ஒலிபெருக்கிகளில் இருமல் மட்டும் கணீரென்று கேட்டது. பதினோரு பேர் குத்துமதிப்பாக ஒரு பஸ்ஸில் ஏறி, வடக்கே போக வேண்டியவர்கள் தெற்கே போய்ச் சேர்ந்தார்கள். நிலைய மேலாளர் மைக்கைப் பிடுங்கிவிட்டு, "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க," என்று அனுப்பி வைத்தார்.

சிஸ்டருக்கு அன்று வார விடுமுறை. மதியம் கணவர் கையில் ஒரு படிவத்தோடு வீட்டுக்குள் வந்தார். மூக்கு சிவந்திருந்தது. முகத்தில் மட்டும் பரிசு வாங்கிய களை.

"நானும் உன் ஆராய்ச்சியில சேர்ந்துட்டேன். ஐம்பத்தி மூணாவது ஆளு."

சிஸ்டர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "யாரைக் கேட்டுச் சேர்ந்தீங்க?"

"உன் தோழி கறாரம்மாதான் படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கினாங்க. மூணு தடவை கிழிச்சுட்டு எழுதச் சொன்னாங்க."

"சீட்டுல என்ன வந்துச்சு?"

"வழக்கம்."

சிஸ்டர் உடனே தசமத்தைப் போனில் பிடித்தாள். இவரை நீக்கிவிடுங்கள் என்றாள்.

"எந்த விதிப்படி?" என்று கேட்டார் தசமம். "ஊழியர்கள் சேரக் கூடாதுன்னு இருக்கு. ஊழியரோட புருஷன் சேரக் கூடாதுன்னு எங்கேயும் இல்லையே. விதியை எழுதினதே நீங்கதான்."

"மறந்துட்டேன்."

"புருஷனையா?"

"விளையாடாதீங்க."

"சிஸ்டர், அவர் நினைச்சா எந்த நிமிஷமும் விலகிக்கலாம். அது அவர் உரிமை. நீங்க விலக்க முடியாது. அவர் கணக்கை நீங்க தொடவும் கூடாது. கறாரே தினமும் போன் பண்ணிக் கேட்டுக்கட்டும்."

இப்படியாக, ஊருக்கெல்லாம் உப்புப்புகை கொடுக்கிறவள் வீட்டில் ஒரு மனிதர் புகையில்லாமல் இரும ஆரம்பித்தார். சாப்பாட்டு மேசையில் ஆராய்ச்சிக்காக அவள் கொண்டுவந்து வைத்த ஒரு உபரி நெபுலைசர் இருந்தது. பக்கத்தில் ஒரு டஜன் குப்பிகள். அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டே கஞ்சி குடித்தார்.

"அடுத்தவன் வீட்டு ஆளா இருந்திருந்தா எனக்கு ஒரு குப்பி கிடைச்சிருக்குமோ என்னமோ," என்றார் இரண்டாம் நாள்.

"சீட்டு எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அதான் பார்க்கிறேனே. கல்யாணச் சீட்டும் இப்படித்தான் விழுந்துச்சு."

அவள் மெஷினை எடுத்துத் துணி அலமாரிக்குள் வைத்தாள். தினமும் காலை பத்து மணிக்குக் கறாரிடமிருந்து போன் வரும். தோழியின் புருஷன் என்ற தயவு தாட்சண்யமெல்லாம் அவளிடம் கிடையாது. காய்ச்சல் எவ்வளவு, இருமல் எப்படி, மூக்கு அடைப்பா ஒழுகலா என்று வரிசையாகக் கேட்பாள். கணவர் அறிவிப்புக் குரலில் பதில் சொல்லுவார். "வணக்கம். இருமல் தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. சளி தாமதமாக வந்து சேரும்." கறார் சிரிக்க மாட்டாள். சிரிப்புக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஆறாம் நாள் காலையில் வீடு அமைதியாக இருந்தது. அவர் எழுந்து, பல் தேய்த்து, பேப்பர் படித்தார். ஒரு இருமல் இல்லை. சிஸ்டர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். மனசுக்குள் ஏதோ ஒன்று சப்பென்று ஆனது. ஆறு நாளில் சரியாகிவிட்டால் வழக்கப் பக்கத்தின் சராசரி இறங்கிவிடும். புகைக்கும் வழக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடும். அவள் இதை வார்த்தையாக நினைக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சாயந்திரம் வீட்டுக்குத் திரும்பிப் படியேறும்போதே சத்தம் கேட்டது. அடிவயிற்றிலிருந்து, நாற்காலி நகரும்படியான இருமல். அவளுக்கு உள்ளே நிம்மதியாக இருந்தது. கதவைத் திறந்தபோது அது முகத்திலும் இருந்திருக்க வேண்டும்.

கணவர் மூச்சு வாங்கிக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"என்ன, உனக்குச் சந்தோஷமா இருக்கு போல?"

அவள் பையைக் கீழே வைக்காமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இருபத்திரண்டு வருடமாக எத்தனையோ பேர் இருமலைக் கேட்டு இரங்கியவள், வீட்டுக்காரர் இருமலைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். அழுகை வந்துவிட்டது.

"ஆமாங்க. காலையில நீங்க இருமலைன்னு எனக்கு வருத்தமா இருந்துச்சு. நான் மனுஷியே இல்ல."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடியும் சிரிப்பாகி, தண்ணீர் குடித்துத்தான் அடங்கினார்.

"அடியே, நான் இருமினா ஒருத்திக்காவது சந்தோஷம்னு இப்பத்தான் தெரியுது. பஸ் ஸ்டாண்ட்ல பதினோரு பேர் என்னைத் திட்டிக்கிட்டு இருக்காங்க."

அவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து மெஷினை எடுத்து வந்தாள். மேசைமேல் வைத்தாள்.

"விலகிக்கங்க. இப்பவே கறாருக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்க. நானே போட்டு விடறேன். உங்களுக்கு அந்த உரிமை இருக்கு."

"விலகினா என்ன ஆகும்?"

"எண்பதுல ஒருத்தர் குறைவாங்க. அவ்வளவுதான்."

"இது கண்டிப்பா என்னைச் சரி பண்ணுமா?"

சிஸ்டர் வாயைத் திறந்தாள். பொய் சொல்ல வரவில்லை. "தெரியாது. அதுக்குத்தானே இவ்வளவும்."

அவர் மெஷினைத் தள்ளி வைத்தார். "ஏற்கெனவே மைக்ல ஒரு எண்ணை முழுங்கிட்டேன். இதையும் முழுங்க மாட்டேன். ஐம்பத்தி மூணு அப்படியே இருக்கட்டும். சுடுதண்ணி வை."

பதினோராம் நாள்தான் அவருக்கு முழுசாகச் சரியானது. கறார் அவருடைய படிவத்தை மூடிக் கையெழுத்துப் போட்டாள். கட்டத்துக்குள்ளேயே.

எண்பதாவது ஆளும் முடிந்த பிறகு தசமம் கணக்கைத் திறந்தார். பேப்பர் ஒன்றைச் சிஸ்டர் பக்கம் நகர்த்தினார். புகைக்காரர்களுக்குச் சராசரி ஏழரை நாள். வழக்கக்காரர்களுக்கு ஒன்பது புள்ளி ஒன்று.

"ஒண்ணரை நாளுக்கு மேல வித்தியாசம்!" என்றாள் சிஸ்டர்.

"உட்காருங்க. நிஜ வித்தியாசம் மூணு நாளாவும் இருக்கலாம், புள்ளி ஒண்ணாவும் இருக்கலாம். பூஜ்யத்தைத் தொடலை, ஆனா பூஜ்யம் விடற மூச்சு மேல படற தூரத்துலதான் நிக்குது. அப்புறம், புகை இழுத்தவங்களுக்கு, நாம புகை இழுக்கிறோம்னு தெரியும். மெஷின் கொடுத்தாங்களேன்னு தெம்புலயே பாதிப் பேர் நல்லா இருக்கேன்னு சொல்லியிருக்கலாம்."

"அப்போ பலன் இருக்கா இல்லையா?"

"இருக்கலாம்."

சிஸ்டருக்கு அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, பேப்பர் வெயிட்டால் அடிக்கவும் தோன்றியது. கொஞ்சம் தயங்கி, "எங்க வீட்டுக்காரர் இல்லாம கணக்குப் போட்டா?" என்று கேட்டாள்.

"அதையும் போட்டுட்டேன். அவர் பதினோரு நாள் இருமினதால ஏறினது மொத்தம் புள்ளி பூஜ்யம் அஞ்சு நாள்."

இதைக் கேட்ட கணவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நுரையீரல் கிழிய இருமியவனுக்குப் புள்ளிக்கு அப்புறம் ஒரு பூஜ்யத்தையும் போட்டு அவமானப்படுத்திவிட்டார்கள் என்பது அவர் வாதம்.

விஷயம் கேள்விப்பட்டதும் பெரிய டாக்டர் சிஸ்டரைக் கூப்பிட்டனுப்பினார். உப்புத்தண்ணீர் மேல் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இருந்ததாம். பத்திரிகைக்குக் கொடுக்க அறிக்கையும் தயாராக இருந்தது. 'எங்கள் மருத்துவமனையின் கண்டுபிடிப்பான உப்புப்புகை, வைரஸ் சளிக்காய்ச்சலைக் குணப்படுத்துகிறது.'

"சார், குணப்படுத்துகிறதுன்னு நாம நிரூபிக்கல."

"சரி, உதவுகிறதுன்னு போடறேன்."

"உதவலாம்னு போடுங்க சார்."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு 'லாம்'ல என்னம்மா இருக்கு?"

"எண்பது பேரோட இருமல் இருக்கு சார். அந்த 'லாம்' இல்லேன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஆராய்ச்சியின் முதல் பெயர் அவளுடையது. அவள் கையெழுத்து இல்லாமல் அறிக்கை வெளியே போகாது. பெரிய டாக்டர் அரை மணி நேரம் 'உதவக்கூடும்' வரைக்கும் இறங்கி வந்து பார்த்தார். அதுவும் கிட்டத்தட்ட அதேதான் என்று தெரிந்ததும் சோர்ந்துபோய் 'லாம்' போட்டார். 'எங்கள் கண்டுபிடிப்பு' என்பதையும் அவள் அடிக்கச் சொன்னாள். உலகத்தில் வேறு சிலரும் இதே சந்தேகத்தில் இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதை அடிக்கும்போது அவர் பேனா அழுத்திய அழுத்தத்தில் பேப்பர் கிழிந்தது.

மறுநாள் பத்திரிகையில் வந்தது. 'உப்பு இருக்க மருந்து எதற்கு!' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. 'லாம்' எங்கேயும் இல்லை. காலையிலிருந்து போன் மணி ஓயவில்லை. சிஸ்டர் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். உதவலாம் என்றுதான் சொன்னோம். வீட்டில் கலக்காதீர்கள். ஆஸ்துமா இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே தொடாதீர்கள். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். சாயந்திரத்துக்குள் அவளுக்கே தொண்டை கட்டிக்கொண்டது.

ஆனால் அந்த வாரக் கடைசியில் வேறொரு கடிதமும் வந்தது. மூன்று ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஆயிரத்து இருநூறு பேரை வைத்து, இரண்டு வருடம், பெரிதாகச் செய்து பார்க்க விரும்புகின்றன. உறை பிரிக்கவும் போன் செய்யவும் அங்கே இருக்கும் நர்ஸ்களுக்குச் சிஸ்டரே வந்து பழக்க வேண்டும். அறிக்கையில் 'உதவலாம்' என்று எழுதியிருந்த நேர்மைதான் எங்களை நம்ப வைத்தது என்று ஒரு வரி இருந்தது. பெரிய டாக்டர் அந்த வரியைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்து, அந்த 'லாம்' என்பதைத் தானே வற்புறுத்திச் சேர்த்ததாக அறிவித்தார். தசமம் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தாள்.

கிளம்பும் நாள் காலையில் கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்தார். குரல் பழையபடி கணீரென்று ஆகிவிட்டிருந்தது.

"கடைசியா ஒண்ணு கேட்கிறேன். ஆராய்ச்சிக்காரியா இல்ல, பொண்டாட்டியா பதில் சொல்லு. உப்புப்புகை வேலை செய்யுதா, செய்யலையா?"

சிஸ்டர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு வருஷம் கழிச்சுச் சொல்றேன்," என்றாள்.